ஸ்ரீகண்டனின் ஆபத்து நோட்டு

தீப்பிடித்தால் அணைப்பதற்கென்று பதினேழாம் நம்பர் வீட்டு வாசலில் வைத்திருந்த மணல் பெட்டிக்குள் பூனை நாலு குட்டி போட்டிருந்தது.

"சீதா! ஓடி வா. பெட்டியில பூனை பிரசவிச்சிருக்கு" என்று கத்தினார் ஸ்ரீகண்டன்.

"இதுக்கா என்னை அடுப்படியிலேர்ந்து கூப்பிட்டேள்?" புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சீதாலக்ஷ்மி வந்தாள்.

"அடுப்புல என்ன இருக்கு?"

"பால்."

"பக்கத்துல யாரு நிக்கறா?"

"நான்தான் நின்னுண்டிருந்தேன். நீங்கதான் கூப்பிட்டேளே."

ஸ்ரீகண்டன் உள்ளே பாய்ந்தார். அவர் போய்ச் சேருவதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டிருந்தது. நெருப்பு அணைந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி. அன்று காலைக் காப்பிதான் இல்லை.

"குட்டிகளை வேற எங்கேயாவது எடுத்து வெச்சுடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேசாம இருங்கோ. மாசமா இருக்கற பொண்ணு ஆத்துக்கு வரப்போறா. இந்த நேரத்துல பெத்துப் போட்டுக் கிடக்கற ஜீவனைத் துரத்துவாளா யாராவது?"

இதற்குப் பதில் சொல்லும் ஆண்பிள்ளை வலியசாலையில் இல்லை. ஸ்ரீகண்டன் நீளமான ஒரு நோட்டை எடுத்து, குமாஸ்தாக் கையெழுத்தில் அழகாக எழுதினார்: 'மணல் பெட்டி எண் 17. இரண்டு மாதத்துக்கு உபயோகத்தில் இல்லை. காரணம், பிரசவம்.'

மற்ற முப்பத்துமூன்று பெட்டிகளையும் தெருப்பூனைகள் எதற்கு உபயோகித்தன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. காற்று அடித்த திசையில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம் பிப்ரவரி மாதம் அது. திருவனந்தபுரத்து வலியசாலையில் அந்த அக்ரகாரத் தெருவில் முப்பத்திநாலு வீடுகள், எல்லாம் ஒரே வரிசை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மேலே ஒரே கூரை. முதல் வீட்டு ஓட்டில் ஏறுகிற அணில், தரையில் கால் வைக்காமல் கடைசி வீட்டில் இறங்கிக்கொள்ளும். ஓட்டுக்கு அடியில் தேக்கு உத்தரமும் ஆஞ்சிலி மரச் சட்டமும் நூறு வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

ஸ்ரீகண்டன் செக்ரடேரியட்டில் குமாஸ்தா. பதினோரு வருஷம் காத்திருந்து பிறந்த ஒரே பெண் அனந்தலக்ஷ்மி, நாகர்கோவிலிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். அவள் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, மனுஷர் சந்தோஷமாக வாசலில் நின்று கூரையைப் பார்த்தார். அணில் ஓடியது. அணிலுக்கு இருக்கிற வழி நெருப்புக்கும் இருக்கிறதே என்று தோன்றிவிட்டது. அவர் வீடு நட்டநடு வீடு. நெருப்பு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சரி, வந்தே தீரும். நிறைமாதப் பெண்ணால் ஓட முடியுமா?

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தெருமுனையில் ஒரு தீயணைப்புக் குழாய். ஊருக்குத் தண்ணீர் போகும் பெரிய குழாய் நாற்பது கஜத்தில் போகிறது. அதிலிருந்து ஒரு கிளை இழுத்து முனையில் நட்டுவிட்டால், ரப்பர் ஹோஸ் மாட்டி எல்லா வீட்டுக்கும் தண்ணீர் அடிக்கலாம். பெண்ணுக்கு மே மாதம் நாள். அதற்குள் குழாய் வர வேண்டும். தீயணைப்பு ஆபீசுக்கு எழுதிப் போட்டார். 'தெருவார் தங்கள் பங்குக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள்?' என்று பதில் வந்தது.

அப்போது பிறந்ததுதான் அந்த ஆபத்து நோட்டு.

யுத்த காலத்தில் குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று வந்த ஒரு பழைய சர்க்குலரை அவர் ஆபீஸ் பரணிலிருந்து தேடி எடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு, தெருவாருக்குப் பொதுவான சமூக மடத்தில் எல்லாரையும் கூட்டிப் பிரசங்கம் செய்தார்.

"ஒரு ஆபத்தை நாலு விதமா சமாளிக்கலாம், கேட்டேளா. ஒண்ணு, அதை வராமலே ஒழிச்சுக் கட்டறது. ரெண்டாவது, குறைக்கறது. மூணாவது, வேற யார் தலையிலாவது கட்டறது. இதெல்லாம் முடியலேன்னா நாலாவது, சகிச்சுக்கறது."

சமூகத்துத் தலைவர் கல்யாணராமன், கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரானவர். மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "ஸ்ரீகண்டா, நீ முதல் மூணையும் பாத்துக்கோ. நாங்க உன்கிட்ட நாலாவதைப் பண்ணிண்டிருக்கோம்."

மடமே சிரித்தது. ஸ்ரீகண்டனும் சிரித்தார். ஆனால் அன்று இரவுச் சாப்பாடு ஆனதும் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

"அடுப்பை அணைச்சாச்சா?"

"ஆச்சு, ஸ்ரீகண்டா."

"தணல் இருக்கா?"

"இல்லை."

"தொட்டுப் பாத்தேளா?"

முப்பத்திநாலு வீடு. தினமும். கடுகு தாளிக்கிற வாசனை கொஞ்சம் தூக்கலாக வந்தால் பகலிலும் வந்து கதவைத் தட்டுவார். ஒன்பதாம் நம்பர் வீட்டு மாமி அப்பளம் சுடுவதையே விட்டு, பொரிக்க ஆரம்பித்தாள்.

மணல் போனதால் தண்ணீர் வந்தது. வாசலுக்கு ஒரு பெரிய மண்தொட்டி வாங்கி நிரப்பச் சொன்னார். நிரப்பிய மறுநாள் பால்காரி அம்மிணி வழக்கம்போலப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் வைத்தே கறந்து கொடுப்பதுதான் அவள் வழக்கம். பசு முதல் வீட்டில் ஒரு வாய் குடித்தது. இரண்டாம் வீட்டில் ஒரு வாய். பதினேழாம் வீட்டுக்கு வரும்போது அதன் வயிறு தவில் மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்து அம்மிணியைத் தெருவே பிடித்துக்கொண்டது.

"பாலா இது? அரிசி கழுவின தண்ணி மாதிரின்னா இருக்கு!"

"நான் ஒரு துள்ளித் தண்ணி சேர்க்கலை சாமி, பகவதி மேல சத்தியம்!" அம்மிணிக்கு அழுகையே வந்துவிட்டது. "பசுவாக்கும் சேர்க்கறது. குடிக்காதேன்னு நான் சொன்னா அது கேக்குமோ?"

ஸ்ரீகண்டன் நோட்டில் எழுதினார். 'ஆபத்து எண் 15. பசு. பரிகாரம், தொட்டிக்கு மூடி.'

மூடி போட்டதும் பசு போயிற்று, கொசு வந்தது. இருட்டும் நிழலும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது வேறு எங்கே போகும்? மார்ச் மாதம் அனந்தலக்ஷ்மி வந்து இறங்கியபோது தெருவில் மனுஷ்யாள் பேசுவதைவிடக் கொசு பாடுவதுதான் அதிகம் கேட்டது. அவள் காலெல்லாம் தடிப்பு. பெற்ற மனசு கேட்குமா? சுகாதார இலாகாவுக்கு ஸ்ரீகண்டனே விண்ணப்பம் எழுதினார்.

இலாகா அதிசயமாக மூன்றாம் நாளே ஆளை அனுப்பியது. ஸ்ரீகண்டன் ஆபீசில் இருந்த நேரம். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் தகர டின்னோடு வந்து, ஒவ்வொரு தொட்டியையும் திறந்து, கொசு முட்டை சாவதற்காக இரண்டு கரண்டி மருந்து ஊற்றிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்ரீகண்டன் தெருவுக்குள் நுழைந்தார். மூக்கில் ஏதோ ஏறியது.

"சீதா, என்ன நாத்தம் இது?"

"கொசுவுக்கு மருந்து விட்டுட்டுப் போனான். மண்ணெண்ணெய்."

"எங்கே விட்டான்?"

"தொட்டியிலதான். எல்லா ஆத்து வாசல்லயும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. தீயை அணைக்க முப்பத்திநாலு வாசலில் தண்ணீர் வைத்தார். இப்போது முப்பத்திநாலு வாசலிலும் மண்ணெண்ணெய் மிதக்கிறது. அது போதாதென்று மணி ஆறு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெண் கையில் சந்தி விளக்கோடு வாசலுக்கு வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததை அந்தத் தெரு இருக்கிறவரை பேசும். ஸ்ரீகண்டன் குடையை வீசி எறிந்துவிட்டு ஓடினார். முதல் வீட்டு விளக்கை ஊதி அணைத்தார். இரண்டாம் வீட்டு விளக்கை ஊதினார். "வேண்டாம்! யாரும் ஏத்தாதேங்கோ!" என்று கத்திக்கொண்டே ஊதி ஊதி அணைத்தார். சுபமான வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில், லக்ஷ்மி வருகிற வேளையில், ஒரு தெருவின் விளக்குகள் முழுவதையும் வாயால் ஊதி அணைத்த பிராமணன் திருவனந்தபுரத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இருபத்தெட்டாம் நம்பர் ரத்னாபாய் மாத்திரம் தன் விளக்கைப் புடவையால் மறைத்துக்கொண்டு நின்றாள். ராயர் வீட்டு அம்மாள். மடி ஆசாரத்தில் தெருவுக்கே அவள்தான் ஹைகோர்ட்.

"கிட்ட வந்தேள்னா, தெரியும் சேதி!" என்றாள்.

ஸ்ரீகண்டன் வரவில்லை. தொட்டியைத்தான் உதைத்துக் கவிழ்த்தார். மண்ணெண்ணெய்த் தண்ணீர் ரத்னாபாயின் கோலத்தை அடித்துக்கொண்டு போயிற்று.

மறுநாள் மடத்தில் கூட்டம். ஸ்ரீகண்டன் தலை குனிந்து நின்றார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், ஒரு மாதத்தில் பத்து வயது கூடியவர்போல இருந்தார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றார். "நான் நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் பண்ணினேன். ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு திறக்கறது. பதினோரு ஆபத்துல ஆரம்பிச்சேன். இப்போ இருபத்தாறு இருக்கு. உங்களுக்கு வேண்டாம்னா நோட்டை இங்கேயே கிழிச்சுப் போட்டுடறேன்."

திட்டு விழும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கல்யாணராமன் பொடி டப்பியைத் திறந்தார். மூடினார். "சரி, குழாய்க்காக அந்த ஃபயர் ஆபீசர் வந்து பாக்கணும்னா என்ன வேணும்?"

"ஒத்திகை. தெருவார் சேர்ந்து தீயை அணைச்சுக் காமிக்கணும்."

"வெச்சுக்கோ. எல்லாரும் வரோம்."

"ரத்னாபாய் மாமியும் வருவாளா?" என்று தயங்கிக் கேட்டார்.

"வருவேன்" என்றாள் ரத்னாபாய். "ஆனா என்னை யாரும் தொடப்படாது."

இப்படிப்பட்ட மனுஷாளுக்கு நடுவிலே நம்மை வாழ வைத்தானே பத்மநாபன் என்று ஸ்ரீகண்டன் வீட்டுக்குப் போய்ச் சீதாலக்ஷ்மியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு தரம் பழக்கிப் பார்த்தார். மடத்துக் கிணற்றில் இறைத்து, கைமாற்றிக் கைமாற்றி வாளியைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் சிக்கல். குளித்து மடியாக இருப்பவர்கள், இன்னும் குளிக்காமல் விழுப்பில் இருப்பவர் கை பட்ட வாளியை வாங்க மாட்டார்கள். அதற்காக விழுப்புக்காரர் வாளியைத் தரையில் வைத்து இரண்டடி விலகி நிற்க, மடிக்காரர் அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்தார். எழுபது பேர் இப்படித் தெளித்தால் வாளியில் என்ன மிஞ்சும்?

ஸ்ரீகண்டன் சளைக்கவில்லை. மடி வரிசை ஒன்று, விழுப்பு வரிசை ஒன்று என்று பிரித்தார். எதிலும் சேராத ரத்னாபாய்க்குத் தனி வாளி, தனி வழி. வேடிக்கை பார்க்கிற வண்டிக்காரர்கள் உள்ளே வந்துவிடாமல் இருக்கத் தெருவின் இரண்டு முனையையும் மூங்கில் கட்டி அடைக்க உத்தரவிட்டார்.

அந்த ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குச் சிவப்பு வண்டி தெருவுக்குள் வந்து நின்றது. ஃபயர் ஆபீசர் இறங்கினார். கொம்பு மீசைக்காரர். பின்னாலேயே மூங்கிலைக் கட்டினார்கள். தெருக்கோடியில் காய்ந்த தென்னோலையைக் குவித்து நெருப்பு வைத்தாயிற்று. மடத்து மணியை ஸ்ரீகண்டன் பலமாக அடித்தார்.

மடத்து மணி அடித்தால் அந்த வட்டாரத்தில் அர்த்தம் ஒன்றுதான். இலை போட்டாயிற்று. பக்கத்துத் தெருவிலிருந்து இருபது பேர் விபூதி பூசிக்கொண்டு மூங்கிலுக்கு அடியில் குனிந்து வந்துவிட்டார்கள்.

"எலை எங்கே?"

"பாயசம் ஆறிண்டிருக்கு" என்றார் கல்யாணராமன் முகம் மாறாமல். "அது வரைக்கும் இந்த வாளியைப் பிடியும்."

முதல் வாளி கிளம்பியது. நாலாவது கைக்குப் போனபோது அம்மிணியின் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு மடி வரிசைக்குள் பாய்ந்தது. அதன் கழுத்தில் தோல்வார்; தோல் பட்டால் மடி போயிற்று. ஒன்பது பேர் மேல் உரசிக்கொண்டு போயிற்று. ஒன்பது பேரும் 'சிவ சிவா' என்று கிணற்றடிக்கு ஓடினார்கள். மறுபடி மடியாக வேண்டாமா? இறைத்த தண்ணீரையெல்லாம் வாங்கி அவரவர் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். நெருப்புக்குப் போக வேண்டிய பதினெட்டு வாளியும் அங்கேயே தீர்ந்தது.

ஓலை நிதானமாக எரிந்தது. எரிய வேறு ஒன்றும் இல்லாததால் அணைந்தது. ரத்னாபாய் ஒருத்திதான் தனி வழியில் வந்து, சாம்பல் மேல் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு யாரையும் தொடாமல் திரும்பிப் போனாள்.

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தாறு மினிட் சாரே."

ஸ்ரீகண்டன் நோட்டை மூடினார். குழாய் போயிற்று. எல்லாம் போயிற்று.

"நெருப்பு அணைஞ்சாச்சோ?" என்று கேட்டார் ஆபீசர்.

"அதுவா அணைஞ்சது, சார்."

"எப்படியோ அணைஞ்சாச்சு இல்லையோ? பின்னே பாஸ்."

கேலி பண்ணுகிறாரா என்று ஸ்ரீகண்டன் அவர் மீசையைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் பதினேழாம் நம்பர் வீட்டிலிருந்து சீதாலக்ஷ்மியின் குரல் வந்தது.

"ஏன்னா! அனந்தத்துக்கு வலி கண்டுடுத்து!"

இன்னும் இரண்டு வாரம் நாள் இருந்தது. மருத்துவச்சி விழுப்பு வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே ஓடிப் பார்த்தவள் உடனே வெளியே வந்தாள்.

"கொழந்தை கால் கீழே இருக்கு. இது என்னால ஆகாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, ஒரு நிமிஷம் தாமசிக்கப்படாது."

ஸ்ரீகண்டன் நோட்டைப் புரட்டினார். 'ஆபத்து எண் 14. பிரசவ அவசரம். பரிகாரம், சாலைக் கடைத்தெருவிலிருந்து வாடகைக் கார்.' கார் எப்படி வரும்? இரண்டு முனையையும் மூங்கிலால் அடைத்தவர் யார்? கயிறு அவிழ்த்து, ஆள் போய், கார் பிடித்து வருவதற்குள்? நோட்டு அவர் கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது.

"எங்க வண்டி உள்ளேதானே சாரே நிக்குது?" என்றார் ஆபீசர். "கொண்டு வரச் சொல்லுங்கோ அந்தப் பெண்குட்டியை!"

வண்டி தெருக்கோடியில் நின்றது. நடுவில் பதினேழு வீட்டு வாசல் தூரம், வழியெல்லாம் வாளியும் ஈரமும் ஜனமும். கல்யாணராமன் ஒரு பெஞ்சைத் தூக்கி வந்தார். அனந்தலக்ஷ்மியை அதில் படுக்க வைத்தார்கள். அப்படியே, நின்ற இடத்தில் நின்றபடி, பெஞ்சை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்கள். மடிக்காரர் கையிலிருந்து விழுப்புக்காரர் கைக்கு. ஈர வேஷ்டிக்காரர்கள் கையிலிருந்து, சாப்பாட்டுக்கு வந்த பக்கத்துத் தெருக்காரர்கள் கைக்கு. அம்மிணி குறுக்கே புகுந்து ஒரு முனையைத் தாங்கினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெஞ்சு ஆடக்கூட இல்லை. கூடவே ரத்னாபாய், அனந்தலக்ஷ்மியின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பயப்படாதேடி, நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்தாள்.

ஆபீசர் பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது செகண்டு.

வெளி முனை மூங்கிலை யாரோ காலாலேயே உடைத்துத் தள்ளியிருந்தார்கள். மணி கணகணவென்று அடிக்க, சிவப்பு வண்டி பறந்தது. உள்ளே இடமில்லாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார் ஸ்ரீகண்டன். வழி நெடுக ஜனங்கள் எங்கே தீ, எங்கே தீ என்று ஓடி வந்தார்கள்.

ஆறு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சௌக்கியம். கால் மணி தாமதித்திருந்தால் இரண்டில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது என்று டாக்டரம்மாள் சொன்னாள். ஸ்ரீகண்டன் ஆஸ்பத்திரி வராந்தாவில், தூணைக் கட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார்.

பதினொன்றாம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்யாகவாசனம் முடிந்ததும் கல்கண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி நமஸ்காரம் செய்தார். தன்னைவிட வயதில் சிறியவர்களுக்கும் செய்யப் போய், அவர்கள் அலறிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

"இந்த ஜன்மத்துல உங்க கடனை நான் தீர்க்க முடியாது, அண்ணா" என்றார் கல்யாணராமனிடம்.

"போடா, பைத்தியக்காரா" என்று கல்யாணராமன் கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டார். "ராத்திரி எங்காத்துக்கு அடுப்பு பாக்க வருவியோ இல்லையோ?"

ஜூன் மாதம் இரண்டாவது வாரம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் பள்ளம் தோண்டினார்கள். குழாய் வந்துவிட்டது! சிவப்புச் சாயம் பூசிய, முழங்கால் உயர இரும்புக் குழாய். நெருப்பு வைத்தால்கூடப் பிடிக்காத அந்த மழையில் ஸ்ரீகண்டன் குடையைப் பிடித்துக்கொண்டு அதைப் பிரதட்சிணம் செய்யாத குறைதான்.

"பாத்தியா சீதா? ஒத்திகையைப் பார்த்து அந்த மனுஷர் சாங்க்ஷன் பண்ணிட்டார். எவ்வளவு நல்ல மனசு! என் திட்டமும் வீண் போகலை."

"ஆமாம். வீண் போகலை" என்றாள் சீதாலக்ஷ்மி. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குழாய் மறையை முடுக்கி முடித்த ஃபிட்டர், ஈரக் கையைத் தலைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "வேலை முடிஞ்சதுன்னு தெருவார் யாராவது ஒருத்தர் ஒப்பிடணும் சாரே, கையெழுத்து."

ஸ்ரீகண்டன் பெருமையோடு பேனாவைத் திறந்தார். ஆனால் குமாஸ்தா அல்லவா, தேதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட அவர் விரல் வளையாது. பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதுல தப்பிருக்கே, மேஸ்திரி. சாங்க்ஷன் ஏப்ரல் பதினெட்டுன்னு போட்டிருக்கு. ஒத்திகை நடந்ததே இருபத்தேழாம் தேதிதானே?"

"ஒத்திகையோ? அதெல்லாம் எனக்குத் தெரியாது சாரே. இது முப்பத்திநாலு வீட்டிலேர்ந்தும் ஒப்பிட்டு, ஆபீசர்கிட்ட நேரா கொண்டு வந்து கொடுத்த ஹர்ஜி, மனுவாக்கும். நான்தான் உள்ளே கொண்டு போய் வெச்சேன். 'எங்களுக்குத் தீயைப் பத்திப் பயம் ஒண்ணும் இல்லை. ஆனா எங்க தெருவுல ஸ்ரீகண்டன்னு ஒருத்தர் எங்களையெல்லாம் நினைச்சு நினைச்சு ரெண்டு மாசமா உறங்கலை, அவர் உறங்கறதுக்கு ஒரு குழாய் போட்டுத் தரணும்'னு எழுதியிருந்தது. பாவம், அந்த ஆளு இப்போ உறங்கறாரோ சாரே?"